டொறத்தியின் மூச்சு

மன்னார்ப் பேசாலைக் கடற்கரையில் தகப்பன் சந்தியாம்பிள்ளையின் வள்ளம் ஆளில்லாமல் வந்து ஒதுங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் டொறத்தி பிறந்தாள். பிள்ளை பார்க்க வந்த சனம் மூக்கு யாருடையது, நாடி யாருடையது என்று கேட்கவில்லை. பாயில் கிடந்த பிள்ளையை எட்ட நின்று பார்த்து, "தேப்பன்ர முகம் காணாதது" என்று சொல்லிவிட்டுப் போனது. மாதா கோயிலில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பதற்கு முன்னமே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. சிலர் அதற்கும் மேலே போய், தகப்பனைத் தின்றுவிட்டுப் பிறந்தவள் என்றார்கள்.

அதற்காக யாரும் அவளை அடிக்கவுமில்லை, பட்டினி போடவுமில்லை. பின்னுக்கு நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். விடியற்காலையில் வள்ளம் தள்ளும்போது, "பிள்ளை, பின்னுக்கு நில்லு" என்பார்கள். கலியாண வீட்டில் பெண்ணுக்குக் கூறை உடுத்தும் அறை வாசலில் அவளுடைய தலை தெரிந்தால், "குசினியில ஆள் காணாது, ஒருக்கா எட்டிப் பார்" என்பார்கள். வளர வளர யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே போய்விடுவாள். பின்னுக்கு நிற்கிறவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. யார் யாரை இடிக்கிறார்கள், யார் ஒருவருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். டொறத்தி அப்படிப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்தாள். ஊர் இடம்பெயர்ந்த வருடம் அந்த வாங்கிலிருந்து எழுந்து வந்தவள் பிறகு போகவில்லை. அவள் வராததை யாரும் கவனிக்கவும் இல்லை.

வலன்ரைன் அவளைக் கட்டிச் சிட்னிக்குக் கூட்டி வந்தபோது, கடல் தாண்டினால் அந்தப் பேச்சும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள். கொஞ்சக் காலம் நின்றும் இருந்தது. பிறகு வலன்ரைன் தன் தாயைக் கூப்பிட்டு எடுத்தான்.

மாமி கெட்ட மனுசி இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்து குடிக்க வைப்பாள். ஆனால் மெரிலேண்ட்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, "களைச்சுப் போனாய் பிள்ளை, உள்ளுக்குப் போய்ப் படு" என்று டொறத்தியை அறைக்குள் அனுப்பிவிட்டு, யசிந்தா என்கிற தன் சிநேகிதியைக் கொண்டு பானையை வைப்பித்தாள். புதுக்கார் வந்த அன்று டொறத்தி பின்சீட்டில் இருந்தாள். அன்றிலிருந்து காரில் முன்சீட்டு மாமிக்கும், பின்சீட்டு டொறத்திக்கும் என்றே ஆகிவிட்டது. வலன்ரைன் நல்லவன்தான். ஆனால் தாய்க்கு முன்னால் அவனுடைய வாய் திறக்காது. மகள் வர்ஷா மட்டும் சண்டை பிடிப்பாள். அவளும் படிக்கவென்று மெல்பேர்னுக்குப் போய்விட்டாள்.

இப்படி இருக்கையில்தான் வலன்ரைனின் தங்கை பிறின்சிக்குப் பிள்ளை பிறந்தது. கனகாலம் காத்திருந்து, எத்தனையோ டொக்டர்மாரைப் பார்த்து, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் கிடைத்த ஆண்பிள்ளை. மாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறின்சியின் வீட்டுக்கே போய்விட்டாள். பிள்ளையை மடியை விட்டு இறக்குவதில்லை. பெற்றவளே பால் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஒருநாள் டொறத்தி அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிறின்சி குசினிக்குள் வந்தாள்.

"மச்சாள், பொடியனுக்கு நீங்கதான் ஞானத்தாய். வேற ஆரையும் நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்."

டொறத்தி கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது காய்ந்து கனநேரம் ஆகியிருந்தது.

"மாமியைக் கேட்டனியோ?"

"அவவை ஏன் கேக்க? பெத்தது நானெல்லோ."

"ஓம்" என்றாள் டொறத்தி. "ஓம், நான் நிக்கிறன்."

ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி, எல்லோருக்கும் முன்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது. ஒருதரம் போதும். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுடைய கை தானாகவே ஒரு பிள்ளையைத் தாங்குவதுபோல மடிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மாமிக்கு விசயம் தெரியவந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். டொறத்தி குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சுவர் மெல்லியது.

"உனக்கென்ன விசரோ பிறின்சி? கண்ணீர் விட்டுக் கிடைச்ச பிள்ளை. தேப்பன்ர முகம் காணாததின்ர கையில குடுத்துத் தண்ணி ஊத்திப்போட்டு, நாளைக்கு ஒண்டு எண்டால் ஆர் பதில் சொல்லுறது? யசிந்தாவைக் கேள். அவவின்ர கை ராசியான கை."

"ராசியான கையோ? போன கிழமைதான் அவ காரைக் கொண்டுபோய்த் தூணில இடிச்சவ."

"அது கால் அமத்தினது. கை என்ன செய்யும்?"

பிறின்சியின் புருஷன் ஜெகதீஷ் தமிழ்நாட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. மாமியாரும் மனைவியும் முட்டிக்கொள்ளும்போது சாம்பாரில் முருங்கைக்காய் தேடுகிறவன். "அத்தை, எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க. நான் அன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன்" என்றான்.

முடிவு வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். மண்டபம் எடுத்தார்கள். ஞானத்தாய் யார் என்று மட்டும் தாயும் மகளும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டொறத்தி அப்பளத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எல்லாம் பொன்னிறமாகப் பொரிந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, கேட்டு அழுதிருந்தால் ஒன்றிரண்டாவது கருகியிருக்கும் என்று மாமி எண்ணியிருப்பாள்.

டொறத்திக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். அங்கே தலைமைச் சமையல்காரி பிரைடி, அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்துக்காரி. செம்பட்டைத் தலை, சிவந்த கை, பெரிய குரல். அவளுடைய இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதியும் டொறத்தியின் காதுக்குள் மன்னார்த் தமிழாகவே விழும். காரணம், அவள் கதைக்கிற விசயங்கள் அப்படி. காலுக்குப் போடும் புதுச் சப்பாத்தை மேசையில் வைத்தால் சண்டைக்கு வருவாள். கத்தி விழுந்தால், "ஆம்பிளை ஆள் ஒருத்தர் வரப்போறார்" என்பாள். வீட்டை விட்டு வெளிக்கிட்டபிறகு மறந்த சாமானுக்காகத் திரும்பிப் போகமாட்டாள். ஒருதரம் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து நாள் முழுக்க உப்பையும் சீனியையும் நக்கிப் பார்த்துத்தான் சமைத்தாள். கார் நிறுத்துமிடத்தில் கறுப்பும் வெள்ளையுமான மக்பைக் குருவி ஒன்று தனியாக நின்றால், நெற்றியில் கைவைத்து, "குட் டே சேர், வீட்டில எல்லாரும் சுகமோ" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

"இது எங்கட ஊர் மக்பை இல்லை, வேற சாதி" என்று அவளே சொல்வாள். "எண்டாலும் மரியாதை குடுத்து வைக்கிறதில நட்டமில்லை."

வெள்ளைக்காரருக்கும் சகுனம் உண்டு என்பது டொறத்திக்கு முதலில் பெரிய புதினமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. இவளுக்கும் ஒருவேளை பின்னுக்கு நிற்கவைக்க வேண்டிய ஆட்கள் என்று ஒரு கணக்கு இருக்குமோ? தன் பிறப்பைப் பற்றி வேலையிடத்தில் அவள் மூச்சும் விட்டதில்லை. தகப்பனைப் பற்றி யாரும் கேட்டால், "ஹீ வோஸ் எ ஃபிஷர்மன்" என்று சொல்லிவிட்டுக் கரட் சீவப் போய்விடுவாள்.

ஞானஸ்நானச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் டொறத்தியின் கண்ணிமையில் கட்டி ஒன்று வந்தது. பிரைடி பார்த்த உடனே தன் கலியாண மோதிரத்தைக் கழற்றி, சிலுவை போட்டு, அதைக் கட்டியில் மெல்லத் தேய்த்தாள். வாய்க்குள் ஏதோ மந்திரம்போல ஒன்று.

"தாங்க்யூ பிரைடி."

"ஐயோ, சொல்லிப்போட்டியே!" என்று பிரைடி கையை உதறினாள். "வைத்தியத்துக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. இப்ப நான் திரும்ப முதலிலிருந்து தேய்க்க வேணும்."

டொறத்திக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து அவள் பாடுபட்டுப் பழகிய முதல் சொல் அது. பேசாலையில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. தேங்காய்ப் பாதியைக் கொடுத்தால் அடுத்த நாள் மீன் வரும். பிரைடி இரண்டாம் முறை தேய்த்து முடித்தபோது டொறத்தி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். "இப்ப நீ எங்கட ஆள்" என்றாள் பிரைடி.

கண்கட்டி வற்றிய கிழமை பிரைடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய அக்காவின் மகள் கியேராவுக்குப் பிறந்த குழந்தைக்கு வாயெல்லாம் புண். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் பால் திரைந்ததுபோல வெள்ளை. பால் குடிக்க வாய் வைத்தால் வீரிட்டு அழுகிறது. டொக்டர் சொட்டு மருந்து தந்திருக்கிறாராம்.

"எங்கட ஊரெண்டால் இதுக்கு மருந்தே தேவையில்லை" என்று உருளைக்கிழங்கை மசித்தபடி சொன்னாள். "அடுத்த கிராமத்தில மார்ட்டின் எண்டொரு ஆள் இருக்கிறான். வெறும் வயித்தோட வந்து பிள்ளையின்ர வாய்க்குள்ள மூண்டு காலமை ஊதிவிடுவான். அவ்வளவுதான். இஞ்ச அப்பிடி ஒருத்தரை நான் எங்க போய்த் தேட?"

"அவர் சாமியாரோ?" என்று டொறத்தி கேட்டாள்.

"சாமியாரோ! முழுக் குடிகாரன். அவன் பிறக்க முந்தியே தேப்பன் செத்திட்டான். தேப்பனைக் காணாமல் பிறந்த ஆளுக்குத்தான் அந்த மூச்சு இருக்கும். ஆணெண்டாலும் சரி, பெண்ணெண்டாலும் சரி."

டொறத்தியின் கையிலிருந்த கரட் உருண்டு தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. குசினியில் வேறு யாரும் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம். நாற்பத்து நான்கு வயது வரைக்கும் ஒளித்ததை இன்னும் ஒளிக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை எங்கேயோ வாய் எரிந்து அழுதுகொண்டிருக்கிறது.

"பிரைடி" என்றாள் மெல்ல. "நான்."

"நீ என்ன?"

"நானும் தேப்பனைக் காணேல்லை. அவர் கடலில போய் ரெண்டு மாசத்தாலதான் நான் பிறந்தனான்."

பிரைடி மசிக்கிற கட்டையைக் கீழே வைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு, மசித்த கிழங்கு ஒட்டிய இரண்டு கைகளாலும் டொறத்தியின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு காலமும் அந்த மூச்சை உனக்குள்ள வச்சுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில நிண்டு கரட்டோ சீவினாய்? ஏன்டி பாவி, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"எங்கட ஊரில அதுக்கு வேற பேர்."

"என்ன பேர்?"

டொறத்தி சொன்னாள். பின்னுக்கு நிற்கிற கதையையும், ஞானஸ்நானக் கதையையும் அறுத்து அறுத்துச் சொன்னாள். பிரைடி இங்கிலீஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது மட்டும் முழுதாக விளங்கியது.

"எங்கட பக்கம் நீ பிறந்திருந்தால் சனம் மலை தாண்டி நடந்து வந்து உன்ர கதவில தட்டியிருக்கும். தேப்பன் எடுக்காமல் விட்ட மூச்சு பிள்ளைக்குச் சேரும் எண்டுதான் நாங்கள் சொல்லுறது. அவர் உனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து அதுதான். கேள், இதுக்கு முறை இருக்கு. நீயாப் போய்ச் செய்யக் கூடாது. பிள்ளையை ஆர் கையில வச்சிருக்கினமோ அவைதான் வாய் திறந்து கேக்க வேணும். கேட்டால் நீ இல்லை எண்டு சொல்லக் கூடாது. காசு வாங்கக் கூடாது. அவை நன்றி சொல்லக் கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து வெண்ணெய் எடுக்கக் குளிரறைக்குள் போன டொறத்தி, கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். சிறுவயதிலிருந்தே தகப்பனை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே காட்சிதான். இருட்டுத் தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிற ஒரு மனிதன். முகம் கிடையாது. படம்கூட ஒன்று எடுத்து வைத்திருக்கவில்லை. அவள் வாயைத் திறந்து ஊதினாள். வெள்ளையாகப் புகைபோல வந்தது. மறுபடி ஊதினாள். அன்றுதான் முதல் தடவையாக அந்த மனிதன் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல அவளுக்கு இருந்தது.

அடுத்த நாள் வேலைக்கு வரமுந்தி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், பிரைடியோடு கியேராவின் வீட்டுக்குப் போனாள். கியேரா நித்திரையில்லாமல் கண் வீங்கிப்போய் நின்றாள். மேசையில் டொக்டரின் மருந்துப் போத்தல் இருந்தது.

"மருந்தும் குடுக்கிறன், உங்களையும் கேக்கிறன்" என்றாள் கியேரா. "எது வேலை செய்தாலும் பிள்ளை பால் குடிச்சால் காணும். ஊதிவிடுவீங்களோ?"

டொறத்தி குழந்தையை வாங்கினாள். இப்படி ஒரு தாய் தானாகவே கேட்டுப் பிள்ளையை அவளுடைய கையில் தந்ததில்லை. குனிந்து, அழுவதற்குத் திறந்த அந்தச் சின்ன வாய்க்குள் மெல்ல ஊதினாள். குழந்தை திடுக்கிட்டு அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. கியேரா உணர்ச்சிவசப்பட்டு, "தாங்—" என்று தொடங்கினாள். பிரைடி பாய்ந்து போய் அவளுடைய வாயைப் பொத்தினாள்.

மூன்றாம் காலை அந்தக் குழந்தையின் நாக்கு வெளுப்பு நீங்கி, ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. மருந்தா, மூச்சா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிரைடிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவளுக்கு இருந்த வாய்க்கு, அந்த ஞாயிறே கோயில் முழுக்க விசயம் பரவிவிட்டது. பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது பிள்ளைவண்டியோடு ஒருத்தி, தோளில் பிள்ளையோடு இன்னொருத்தி என்று ஐரிஷ் பெண்கள் டொறத்தியிடம் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர். எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "நீங்கள்தானோ அந்த ஆள்?" என்று கேட்டார்கள். ஊரிலும் அவளைக் காட்டி அப்படித்தான் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். ஆனால் இவர்களுடைய முகம் வேறு.

பிறின்சி வீட்டுக்குப் போகும் வழியில் காரின் முன்சீட்டிலிருந்து மாமி திரும்பினாள். "அதென்ன, வெள்ளைக்காரியள் உன்னைச் சுத்தி நிக்கினம்?"

"பிள்ளையளுக்கு வாய்ப்புண் மாமி. ஊதிவிடச் சொல்லிக் கேக்கினம்."

"அதுக்கு நீ என்ன டொக்டரோ?"

வலன்ரைன் சிரித்தான். தாய் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கார் ஓட்டினான். மெல்பேர்னிலிருந்து வர்ஷா போன் எடுத்து, "அம்மா, யூ ஆர் ஃபேமஸ்! பிறின்சி அன்ரி எல்லாம் சொன்னவ. டூ யூ டேக் புக்கிங்ஸ்?" என்று கேட்டாள்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பிறின்சியின் பிள்ளைக்கு அதே புண் வந்தது.

டொக்டர் மருந்து கொடுத்தார். மாமி, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த மடு மாதா கோயில் மண்ணை எடுத்து நெற்றியில் பூசினாள். ஜெகதீஷ் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து, மண்ணுக்கு மேலே அதையும் பூசினான். பிள்ளை தேசிக்காய் ஊறுகாய்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு அழுதது. சொட்டு மருந்து உடனே கேட்பதாகத் தெரியவில்லை. கொஞ்ச நாள் போகும் என்றார் டொக்டர். பால் குடிக்காத பிள்ளைக்குக் கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

"அம்மா, மச்சாளைக் கேளுங்கோவன்" என்றாள் பிறின்சி.

"நான் கேக்கிறதோ?"

"அப்ப பிள்ளையை என்னட்டத் தாங்கோ, நான் கேக்கிறன்."

மாமி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

டொறத்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். தானாகப் போய்ச் செய்யக் கூடாது. அது முறை. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த நாளிலிருந்து காலையில் அவள் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டாள். வேலைக்கு வெளிக்கிடும் வரைக்கும் வெறும் வயிற்றோடு இருப்பாள். யாராவது கேட்டு வந்தால்? கேத்தில் கொதித்து ஆறும். வலன்ரைன் அதைப் பார்த்தான். அவனும் தன் கோப்பையை எடுக்காமல் இருந்தான்.

ஞாயிறு வந்தது. கோயில் முற்றத்தில் மாமியின் கையில் பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிரைடி சனத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தாள். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, பிரைடிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பிறின்சி நின்றாள்.

"இந்தப் பிள்ளையின்ர வாயை இப்பிடி வச்சுக்கொண்டு ஏன் நிக்கிறீங்கள்?" என்றாள் பிரைடி. "உங்கட வீட்டுக்குள்ளயே அந்த மூச்சு இருக்கேக்க?"

பிறின்சி சொன்னாள். மாமி தலையை நிமிர்த்தினாள்.

"இவவுக்கு விசயம் தெரியாது போல. அவள் தேப்பன் செத்தாப்பிறகு பிறந்தவள் எண்டு சொல்லு."

பிறின்சி சொன்னாள். பிரைடி கையை விரித்தாள்.

"ஓம். அதைத்தானே நானும் சொல்லுறன்!"

"இல்லை, கூடாத பிறப்பு எண்டு வடிவா விளங்கப்படுத்து."

"அம்மா, அவவுக்கு வடிவா விளங்கியிருக்கு. அதாலதானாம் அந்தச் சக்தி. அவையின்ர ஊரில எண்டால் மச்சாள் பெரிய ஆளாம்."

மாமி பிரைடியை மேலும் கீழும் பார்த்தாள். பிரைடியின் கழுத்தில் மாதாப் பதக்கம் தொங்கியது. மாமியின் கழுத்திலும் அதே பதக்கம். மாமி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கார்ப் பக்கம் நடந்தாள். 

திங்கள் காலை கதவு தட்டப்பட்டது. ஜெகதீஷின் கார் வாசலில் நின்றது. மாமி கதவுக்கு வெளியே நின்றாள், கையில் பிள்ளை. தன் மகனின் வீட்டுக்குக் கதவைத் தட்டி வருகிற ஆள் அல்ல அவள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டியோ?"

"இல்லை மாமி."

"இண்டைக்கு இன்னும் குடிக்கேல்லையோ, இல்லாட்டி..." மாமியின் பார்வை குசினி மேசைக்குப் போனது. இரண்டு வெறுங்கோப்பைகள் கவிழ்ந்தபடி இருந்தன. மாமிக்கு விளங்கிவிட்டது. அவளுடைய உதடு கொஞ்சம் கோணியது. "அப்ப... நான் கேக்கிறன் பிள்ளை. ஊதிவிடு."

அந்த நேரத்தில் டொறத்தி ஒரு பேரம் பேசியிருக்கலாம். வேறு யாராவது என்றால் பேசியிருப்பார்கள். அவள் கையை நீட்டினாள். பிள்ளை அவளுடைய கைக்கு வந்தது. குனிந்து ஊதினாள். உப்புக் காற்றுப்போல ஏதோ பட்டது மாதிரி பிள்ளை கண்ணைச் சிமிட்டியது.

மூன்று காலையும் மாமி வந்தாள். மருந்தும் விடாமல் கொடுத்தார்கள். வியாழனன்று பிள்ளை தாயின் நெஞ்சில் வாய் வைத்து, மூச்சுவிடவும் மறந்து குடித்தது. பிறின்சி அழுதாள். மாமி நெஞ்சில் கைவைத்துக் கதிரையில் சாய்ந்தாள். பிறகு டொறத்தியைப் பார்த்து, பழைய குரலில், இனிமையாகச் சொன்னாள்:

"ஞாயிறு சரியான கூட்டம் வரும் பிள்ளை. நான் யசிந்தாவுக்கும் சொல்லிப்போட்டன். நீ ரோல்சையும் கட்லட்டையும் பார். உன்ர கைப்பக்குவம் வேற ஆருக்கு வரும்?"

"இல்லை மாமி."

அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொறத்திக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் சொன்னது அவள்தான். எனவே மிச்சத்தையும் சொன்னாள்.

"ஊதினதுக்காகக் கேக்கேல்லை. அதுக்குக் கூலி இல்லை. பிறின்சி என்னைக் கேட்டவ, நான் ஓமெண்டனான். ரோல்ஸ் கடையில எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில நிக்கமாட்டன். முன்னுக்கு நிக்கிறன்."

குரல் உயரவில்லை. கை மட்டும் முந்தானையைப் பிடித்திருந்தது. வலன்ரைன் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். "ஓம் அம்மா" என்றான். அவனுக்கு அது போதுமான நீளமான பேச்சு.

ஜெகதீஷ் தொண்டையைச் செருமினான். "அத்தை, கடை ரோல்ஸ் நான் ஆர்டர் பண்ணிடறேன். நிறையவே சொல்லிடறேன்."

மாமி கனநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் குடித்த களைப்பில் வாய் திறந்தபடி தூங்கியது. உள்ளே வெள்ளையாக ஒரு பொட்டும் இல்லை.

"யசிந்தாவுக்கு நான் போன் எடுக்கிறன்" என்றாள் கடைசியில். "அவ ஏதும் நினைக்கமாட்டா. உன்னட்ட வடிவான சீலை இருக்கோ? அந்தப் பழுப்பை உடுத்திக்கொண்டு வந்து நிண்டிடாதை. என்ர மயில்கழுத்து நிறச் சீலையைத் தாறன்."

ஞாயிறு நல்ல வெயில். கோயில் நிறைந்திருந்தது. மன்னார்ச் சனம் ஒரு பக்கம், ஜெகதீஷின் கூட்டாளிமார் ஒரு பக்கம். கடைசி வரிசையில் பச்சைத் தொப்பியோடு பிரைடி, கியேரா, அவர்களுடைய பிள்ளைகுட்டிகள். ஃபாதர், பெற்றோரும் ஞானப்பெற்றோரும் முன்னே வரலாம் என்றார். டொறத்தியின் கால் பழைய பழக்கத்தில் ஒரு அடி பின்னே போனது. முதுகில் ஒரு கை பட்டது.

"என்ன நிக்கிறாய்?" என்று மாமி காதுக்குள் சொன்னாள். "உன்னைத்தான் கூப்பிடுறார். முன்னுக்குப் போ." சொல்லிவிட்டு, தோளில் கிடந்த பிள்ளையைத் தானே தூக்கி, எல்லோரும் பார்க்க, டொறத்தியின் கையில் வைத்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் டொறத்திக்குத் தெரிந்தது, முன்னுக்கு நிற்கிறவர்களுக்கு எல்லோருடைய முகமும் தெரியும் என்று. பிறின்சி சிரித்துக்கொண்டு அழுதாள். வர்ஷா மெல்பேர்னிலிருந்து வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் காக்க உதவுவீர்களா என்று ஃபாதர் கேட்டார். "ஓம்" என்று டொறத்தி தமிழிலேயே சொன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை அழ வாயைத் திறந்தது. டொறத்தி யோசிக்காமல் குனிந்து மெல்ல ஊதினாள். பிள்ளை அழாமல் கொட்டாவி விட்டது. பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்க, ஃபாதரும் சிரித்துவிட்டார்.

மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது மாமி டொறத்திக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து பிரைடி, "நோ!" என்று கத்தி, தன் வாயைப் பொத்திக் காட்டினாள். மாமி சட்டென்று வாயை மூடினாள். அதற்குப் பதிலாக டொறத்தியின் தட்டில் கேக்கின் மூலைத்துண்டை, ஐசிங் கூடியதாகப் பார்த்து வைத்தாள்.

வீட்டுக்குப் போகக் காரடிக்கு வந்தார்கள். மாமி தானாகவே பின்கதவைத் திறந்து ஏறி இருந்தாள். "எனக்கு முன்னால வெயில் குத்துது" என்றாள். வலன்ரைன் முன்கதவைத் திறந்துவிட்டான். டொறத்தி மயில்கழுத்துச் சீலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். அங்கிருந்து பார்க்க ரோடு எவ்வளவு அகலம்!

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மக்பை ஒன்று தனியாக நின்றது. டொறத்தி கண்ணாடியை இறக்கி, நெற்றியில் கைவைத்து, உரக்கச் சொன்னாள்: "குட் டே சேர்! வீட்டில எல்லாரும் சுகமோ?"

"ஆருக்கடி சொல்லுறாய்?" என்று பின்னாலிருந்து மாமி கேட்டாள்.

"அந்தக் குருவிக்கு மாமி. தனிய நிண்டால் சொல்ல வேணுமாம். மரியாதை குடுத்தால் நட்டமில்லையாம்."

 பின்சீட்டுக் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது.

"குட் டே சேர்" என்றாள் மாமி.